ஆணியில் தொங்கிய பழம்

என் பெண்டாட்டி உடம்பு தேற வேண்டும் என்று தினமும் ரெண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து, அந்த ரெண்டையும் தினமும் நானே தின்றேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வைகாசியில் ஆரம்பித்து ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுகிற வரைக்கும் தின்றேன். ஒளித்து வைத்துத் தின்னவில்லை, திருடியும் தின்னவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, மோர்ச்சோற்றுக்குக் கடித்துக்கொண்டு, தோலைச் சோற்று வட்டிலின் ஓரத்தில் மடித்து வைத்து, மரியாதையாகத் தின்றேன். தின்று முடித்து ஏப்பமும் விட்டுவிட்டு, இவள் ஏன் இன்னும் தேறவில்லை என்று ஊர் பூராவும் சண்டை போட்டேன்.

இப்போது என் வழுக்கையைப் பார்த்து மரியாதை கொடுக்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ‘இவ்வளவு விவரம் தெரிந்த மனுஷன் அப்படிச் செய்திருப்பானா’ என்பார்கள். விவரம் தெரியாதவனாக இருந்தால் ஒரு நாளைக்காவது ‘இந்தப் பழம் எங்கிருந்து வந்தது’ என்று கேட்டிருப்பான். எனக்கு எல்லாம் தெரியும். அதனால் கேட்கவில்லை.

நான் அப்போது சங்கரன்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வெள்ளைக்காரன் போய்விட்டான், ரேஷன் இன்னும் போகவில்லை, அந்தக் காலம். அப்பா நான் படிக்கும்போதே காலமாகிவிட்டார். வீட்டில் நான், அம்மா, அவள், பிறந்து சில மாதமே ஆன பெண்குழந்தை. கோர்ட்டு வராந்தாவில் என்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். குருவிகுளத்திலிருந்து வரப்புத் தகராறு என்று வருகிறவன்கூட, வாய்தா ஆகிவிட்ட வருத்தத்தை என்னிடம் சொல்லி, நான் ஏதாவது சொல்ல, சிரித்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவான். வாய் அப்படி. அந்த வாயால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை என்பதுதான் கதை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளை பெற்ற பிறகு அவள் தேறவே இல்லை. முகம் வெளுத்து, நகம் வெளுத்து, வெற்றிலையின் பின்பக்கம் மாதிரி ஆகிவிட்டாள். தெருக்கோடிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறபோது ஒரு நாள் வாளியை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தைக்குப் பாலும் குறைந்துகொண்டே வந்தது. அது வாயை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு வீறிடும். அந்தச் சத்தம் மாடியில் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். பிள்ளை பெற்ற வீட்டில் ஆண்பிள்ளைக்கு மொட்டைமாடித் தட்டட்டிதான் படுக்கை. அவளோடு நான் தனியாக நாலு வார்த்தை பேசி எவ்வளவோ நாளாயிருந்தது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம் பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாகப் பேசினார். குமாஸ்தாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அவருக்கு ஒரு மரியாதை.

“முட்டை குடுப்பீரா?”

“நாங்க சைவம் டாக்டர்.”

“ஈரல்?”

“சைவம்னு சொன்னேனே.”

அவர் பேனாவை மூடினார். “அப்போ உங்க சைவத்துக்குள்ள என்ன இருக்கோ அதையாவது குடும். பால், முருங்கைக்கீரை. தினம் ரெண்டு வாழைப்பழம், நல்ல கனிஞ்ச பழமா. பெரிய செலவு இல்ல, ஊர்ல எல்லாரும் திங்கிற பழம்தான், நல்ல சத்து. அந்தம்மா உடம்புல ஒண்ணுமே இல்ல வே. ரெண்டு மாசம் பாப்போம். தேறலைன்னா பாளையங்கோட்டைக்குத்தான் கொண்டு போகணும். அப்புறம் பிள்ளைக்குப் பாலும் இல்ல, தாயும் இல்லன்னு ஆயிறக் கூடாது, பாத்துக்கிடும்.”

வெளியே வந்தபோது கம்பவுண்டர் ஜன்னல் வழியாக டானிக் பாட்டிலை அவளிடம் நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் முன்னால், அவள் குழந்தையோடு பத்தடி பின்னால். அதுதான் அந்தக் காலத்துப் புருஷன் பெண்டாட்டி. தேரடியில் இருந்த பழக்கடையில் நின்றேன். அவளை நேரே போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

எங்கள் ஊர் கரிசல். பருத்தி விளையும், கம்பு விளையும், வாழை விளையாது. மேற்கே புளியங்குடிப் பக்கத்திலிருந்து வண்டியில் காய்த்தாராக வரும். அதைக் குழியில் அடுக்கி, ஓலையும் மண்ணும் போட்டு மூடி, புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைத்துத் தேரடி அண்ணாச்சி கடையில் தொங்கவிட்டிருப்பார். கடையில் ரெண்டு குவியல் இருக்கும். ஒன்று, கோவிலுக்குப் போகிறவர்களுக்கு. விரல்விரலாக, பாதிக் காயாக, துவர்ப்பாக இருக்கும். சாமி புகார் சொல்லாது. இன்னொன்று, தின்னுகிறவர்களுக்கு. யார் போனாலும் அண்ணாச்சி தலை நிமிராமல் ஒரே கேள்விதான் கேட்பார்.

“சாமிக்கா, வயித்துக்கா?”

“வயித்துக்கு அண்ணாச்சி.”

யார் வயிற்றுக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா அடுப்படியில் இருந்தாள். டானிக்கை எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொன்னேன். கீரை சொன்னேன். பால் சொன்னேன், குழந்தையைச் சாக்குச் சொல்லி. பழம் கையில் இருந்தது. ‘இது அவளுக்கு, டாக்டர் சொன்னார்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

இதை இப்போதைய பிள்ளைகளுக்கு எப்படி விளங்க வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் வீடுகளில் ஓர் ஆண்பிள்ளை தன் பெண்டாட்டிக்கு என்று ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, இது அவளுக்கு என்று தாயின் முன்னால் சொல்லக் கூடாது. பூ வாங்கினால் அம்மாவிடம் கொடுக்க வேண்டும், அவள் கிள்ளிக் கொடுப்பாள். சேலை எடுத்தால் ரெண்டு எடுக்க வேண்டும், அம்மா ஒன்றைத் தள்ளிவிடுவாள். மருந்து வாங்கலாம். மருந்து கசப்பு, அதில் பிரியம் தெரியாது. பழம் அப்படி இல்லை. இனிப்பு. அதை அவளுக்கென்று நீட்டினால் தெருவில் மறுநாளே பட்டப்பேர் வைத்துவிடுவார்கள். கோவில் யானைக்கு ஊர் பார்க்க, அம்மா பார்க்க, எத்தனையோ தடவை பழம் கொடுத்திருக்கிறேன். அது தும்பிக்கையால் தலையில் தட்டும், எல்லோரும் சிரிப்பார்கள். யானைக்குக் கொடுக்கக் கூச்சமில்லை. பிள்ளை பெற்று மயங்கி விழுகிறவளுக்குக் கொடுக்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத்தான் நாங்கள் அடக்கம், ஒழுக்கம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். செருப்பால் அடிக்க வேண்டும், முதல் அடி எனக்கு.

“பழம் இருக்கு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அடுப்படிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டு வந்த கையோடு பழம் வருகிறது, யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வருகிற வழியில் பழம், ஆணி, “பழம் இருக்கு”. தினமும் காலையில் பார்ப்பேன், ஆணி காலியாக இருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். தின்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ராத்திரி என் வட்டிலில் மோர்ச்சோற்றுக்கு ரெண்டு பழம் விழும். அதுவும் சந்தோஷமாக இருக்கும். இந்தச் சந்தோஷத்தையும் அந்தச் சந்தோஷத்தையும் நான் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. வட்டிலில் வந்து விழுவதைப் பற்றி யோசிக்கிற பழக்கம் எங்கள் ஆண்களுக்குக் கிடையாது. சோறு வரும், குழம்பு வரும், பழம் வரும். மழை வருவது மாதிரி.

எனக்கு உடம்பு வைத்தது. அல்பாகா கோட்டின் பட்டனைப் போட்டால் மூச்சு முட்டியது. எங்கள் வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“என்ன வே, மினுமினுன்னு இருக்கீரு. மாமனார் வீட்டு நெய்யா?”

“கவலை சார்” என்றேன். “சில பேருக்குக் கவலைப்பட்டா இளைக்கும். எனக்கு ஊதுது.”

வராந்தாவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் மறுபடியும் விழுந்தாள். இந்தத் தடவை கிணற்றடியில் இல்லை, வீட்டு முற்றத்தில், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் விழுகிறபோது அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முதுகு அடிபட விழுந்திருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்தார். டானிக் குடித்ததற்கு அடையாளமாகப் பல் மட்டும் கறுத்திருந்தது. டானிக் கசப்பு, அதனால் அது மட்டும் பிசகாமல் அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

“நான் சொன்னதெல்லாம் குடுக்கீரா?”

“தினம் வாங்குதேன் டாக்டர். ஒரு நாள் விட்டதில்ல.”

“வாங்குதீரு, சரி” என்றார். அந்த ‘சரி’யில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாள் கோர்ட்டில் பத்துப் பேரிடம், இந்த டாக்டர் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கக்கூட லாயக்கில்லை என்று சொன்னேன். சொல்லியும் ஆத்திரம் தீரவில்லை. டாக்டர் தப்பு இல்லை என்றால் பழம் தப்பு. நேரே தேரடிக்குப் போனேன். ஆனிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இது வாழைப்பழந்தானா, இல்ல வாழைப்பழம் மாதிரி வேற ஏதுமா?”

அவர் நிமிர்ந்தார். “ஏன் வே, யாரு மேல உள்ள கோவம்?”

“இதுல சத்து இருக்கான்னு கேக்கேன்.”

“சத்து இல்லாமலா தினம் வாங்கித் திங்கீரு?”

“நான் திங்கேன்னு யாரு சொன்னா உமக்கு?”

அவர் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். “யாரு வே சொல்லணும். பாத்தாத் தெரியுது.”

கடை முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு என் பக்கம்தான் இருந்து பழக்கம். எதிர்ப்பக்கம் போனால் எனக்குப் பொறுக்காது. வாயைத் திறந்துவிட்டேன்.

“குழியில போட்டு, மண்ணள்ளி மூடி, புகை போட்டு எடுக்கீரு. செத்தவனுக்குக்கூட ஏதாவது ஒண்ணுதான் செய்வாங்க. நீரு பழத்துக்குப் புதைக்கதும் எரிக்கதும் ரெண்டும் செய்யுதீரு. அப்புறம் அதுல எங்க உசுரு இருக்கும்? சாமிக்கு ஒரு குவியல், மனுசனுக்கு ஒரு குவியல். ரெண்டு குவியலும் மண்ணு.”

கூட்டம் இப்போது என் பக்கம் சிரித்தது. ஒரு அம்மாள் கையில் எடுத்திருந்த சீப்பைத் திருப்பி வைத்துவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தாள். அண்ணாச்சி அவள் போகிறதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

“உம்ம வாய்க்கு நான் ஆளில்ல வே. ஆனா எங்கடைப் பழத்தத் தின்னு இது வரைக்கும் ஒருத்தரும் இளைச்சதில்ல. வேற எங்கேயும் வாங்கிக்கிடும். இனிமே இந்தப் பக்கம் வராதீரு.”

வரவில்லை. ஜெயித்த மிதப்பில் எதிர்க்கடைக்குப் போய், ரோஷத்துக்குச் செவ்வாழையாக வாங்கினேன். அன்றைக்கு ராத்திரி என் வட்டிலில் செவ்வாழை விழுந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் தின்றது போக மிச்சம் போலிருக்கிறது, வீணாகக் கூடாதே என்று தின்றேன். நன்றாக இருந்தது.

ஆடி பிறந்து, தபசுக்குக் கொடியேறின அன்று சாயங்காலம் மாமனார் வந்தார். கரிவலம்வந்தநல்லூரில் கொஞ்சம் பருத்திக்காடு வைத்திருக்கிற மனுஷர். அதிகம் பேச மாட்டார். மகள் மயங்கி விழுந்த செய்தி யார் மூலமோ போயிருக்கிறது. வந்தார், மகளைப் பார்த்தார், பேத்தியைத் தூக்கிப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைத்ததும் அம்மா எங்கள் ரெண்டு பேருக்கும் சோறு போட்டாள்.

“நாளைக்குக் காலைல எம் மகளக் கூட்டிட்டுப் போறேன் மாப்ள” என்றார். “ஆடிக்கு அழைச்சிட்டுப் போறேன்னு ஊருக்குச் சொல்லிக்கிடலாம்.”

“இங்க அவளுக்கு என்ன குறை மாமா?”

“என்ன குறைன்னு எனக்குத் தெரியல. பிள்ள வத்தலா வத்திப் போயிருக்கு. நீங்க நல்லா இருக்கிய.”

எனக்கு மூக்கு விடைத்தது. அவருக்குப் பதில் சொல்ல மூன்று நாலு நல்ல வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் அம்மா மோர் ஊற்றி, ஆளுக்கு ஒரு பழம் வைத்தாள். நான் கோபத்தோடு என் பழத்தை உரித்துப் பாதியை வாயில் போட்டுக்கொண்டேன். மாமனார் தன் பழத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

“எனக்கு ராத்திரி பழம் ஆகாது தங்கச்சி. இத அவளுக்குக் குடு.”

“அவ திங்கக் கூடாது அண்ணே” என்றாள் அம்மா. “பால் குடுக்கவ ராத்திரி பழம் தின்னா பிள்ளைக்குச் சளி கட்டும்.”

“அப்போ பகல்ல திங்காளா?”

“பகல்ல ஏது பழம்? இது இவனுக்குன்னு வாங்குதது. இவன்தான் ஆசைப்பட்டு தினம் வாங்கிட்டு வாரான். அவங்க அப்பா மாதிரி, ராத்திரி பழம் இல்லாம இவனுக்கும் இப்போ இறங்க மாட்டேங்கு.”

வாய் நிறையப் பழத்தோடு “எனக்கா” என்று கேட்டேன். கேட்டது யாருக்கும் விளங்கவில்லை. விழுங்கிவிட்டு மறுபடி கேட்டேன்.

“பின்ன யாருக்கு? நீதானலே கொண்டாந்து ஆணியில மாட்டுதே.”

“அவளுக்கும்மா. டாக்டர் அவளுக்குக் குடுக்கச் சொன்னாரு.”

“டாக்டர் உங்கிட்டச் சொன்னாரு. நீ யாருகிட்டச் சொன்னே?”

மாமனார் தலையைக் குனிந்துகொண்டு மோர்ச்சோற்றைப் பிசைந்தார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். எழுந்துவிட்டேன். எச்சில் கையோடு நின்று கத்தினேன். வீட்டில் ஒருத்தி மயங்கி மயங்கி விழுகிறாள், தினமும் பழம் வருகிறது, யாருக்கு என்று யோசிக்க இந்த வீட்டில் ஒருத்தருக்கும் புத்தி கிடையாதா என்றேன். டாக்டரைத் திட்டினேன், பழக்கடைக்காரரைத் திட்டினேன், நடுத்தெருவில் மானத்தை விற்றேன், எல்லாம் உங்களால்தான் என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. வயிற்றுக்குள்ளே ரெண்டு மாதப் பழம் உட்கார்ந்திருந்தது.

அம்மா மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். அவள் எப்போதும் என்னிடம் குரலை உயர்த்தினதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“உங்க அப்பா இருந்த வரைக்கும் தினம் இதே ஆணியில பழம் தொங்கும். சாமிக்கு வச்சு, அவருக்கு வச்சு, வந்தவங்களுக்கு வச்சு, உனக்கு வச்சு. அது முடிஞ்சு ஆணிதான் இருக்கும் எனக்கு. ஒரு முழுப்பழம் உக்காந்து தின்னிருப்பனான்னு இத்தன வருசத்துல ஒரு நாள் கேட்டிருக்கியாலே? இப்போ எனக்குப் புத்தி இல்லங்கே.”

கோர்ட்டில் நான் பார்த்திருக்கிறேன், பதில் இல்லாதவன்தான் அதிகமாகக் கத்துவான். நான் மாமனார் ஓரமாக வைத்த பழத்தை எடுத்து உரித்துக்கொண்டு அடுப்படி நிலைப் பக்கம் திரும்பி, “ஏட்டி, இங்க வா” என்றேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையில் வந்து நின்றாள். அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

“இந்தா, தின்னு.”

அவள் பழத்தைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்னைக் கடைசியாகப் பார்த்தாள்.

“எனக்கு வேண்டாம்” என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் உரித்த பழத்தோடு நடு வீட்டில் நின்றேன். தின்னவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது. மாமனார்தான் வாயைத் திறந்தார். “உக்காருங்க மாப்ள. பழத்தப் பிடிச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பிய.”

காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். தபசுக்கு வந்து இறங்குகிற கூட்டம். நான் அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பழம் வாங்க ஓடினேன். எதிர்க்கடை திறக்கவில்லை. தேரடி அண்ணாச்சி கடை மட்டும்தான் திறந்திருந்தது. சுற்றிலும் கோவிலுக்குப் போகிற கூட்டம், அதில் எங்கள் கோர்ட்டுச் சேவகர்கள் ரெண்டு பேர், எங்கள் தெருப் பெண்கள் சிலபேர். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

“சாமிக்கா?”

“வயித்துக்கு.”

“யாரு வயித்துக்கு வே?”

அவர் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு ஏதாவது தெரியுமா, இல்லை என்னைக் குத்துவதற்குக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு வந்த கோபத்தில், கூட்டம், கோவில், தெரு, சேவகர் எதுவும் கண்ணில் படவில்லை.

“எம் பொண்டாட்டி வயித்துக்கு” என்றேன். கத்தியே விட்டேன். தவிலைத் தூக்கிக்கொண்டு போன மேளக்காரர் ஒருத்தர் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி குவியலில் எடுக்கவில்லை. உள்ளே போய், தாரிலிருந்து ஒரு முழுச் சீப்பை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார். நாட்டுப்பழம். தாரிலேயே பழுத்து, காம்பு வரைக்கும் மஞ்சளாக, புகை வாடையே இல்லாமல். “பஸ்ஸு கிளம்பிறப் போகுது, ஓடும்” என்றார்.

ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தேன். “இது உனக்கு. உனக்கு மட்டும். மாமாவுக்கு இல்ல, உங்க அம்மைக்கு இல்ல, வாரவங்க போறவங்களுக்கு இல்ல” என்றேன். பஸ் பூராவும் கேட்டது. யாரோ பின் சீட்டில், “நல்லாச் சொல்லும் வே, டிரைவருக்குக் கேக்கல” என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் குழந்தையை அப்பாவிடம் கொடுத்தாள். ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு தின்றாள். என்னைப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு இன்னொன்றை உரித்தாள். கல்யாணமாகி அவள் ஒரு வாழைப்பழம் தின்று நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாழைப்பழத்தைக் கடுங்கோபத்தோடு தின்ன முடியும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரெண்டாவது பழம் பாதியில் இருக்கும்போது பஸ் கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் கரிவலத்துக்குப் பழத்தோடு போனேன். ஊரில் பேர் வைத்தார்கள். அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஒன்றும் நான் பயந்த அளவுக்கு மோசமாக இல்லை, நானே அதை விட நல்லதாக ஒன்று வைத்திருப்பேன். டாக்டரிடம் போய், அவரை என்னவெல்லாம் சொன்னேனோ அதையெல்லாம் அவரிடமே சொன்னேன். “எனக்கு அன்னைக்கே வந்து சேந்துட்டு வே” என்றார். வீட்டில் ராத்திரி அம்மா வட்டிலில் ஒரு பழம் வைக்க ஆரம்பித்தேன். அவள் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை என் வட்டிலில் போடுவாள். நான் எடுத்து அவள் வட்டிலிலேயே போடுவேன். “வயசான காலத்துல எனக்கு எதுக்குலே” என்று வைவாள். தினமும் சண்டை. முழுப்பழத்தை அவள் தின்று முடிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.

தீபாவளிக்கு முன்னால் அவள் திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. குழந்தை கன்னம் தொங்கி, கோர்ட்டு அமீனா மாதிரி இருந்தது. டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டை வேண்டாம் என்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற தைரியத்தில், ஒரு மத்தியானம் அம்மா கோவிலுக்குப் போயிருந்தபோது, நான் அவளிடம் இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எப்படி ஆணியைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அண்ணாச்சியோடு எப்படிச் சண்டை போட்டேன், கோட்டுப் பட்டனைப் போட எப்படி மூச்சு முட்டியது என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். வராந்தாவில் சொல்லியிருந்தால் பத்துப் பேர் விழுந்து சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அம்மா எனக்குன்னு நினைச்சிக்கிட்டா, நீயும் எனக்குன்னு நினைச்சிக்கிட்டே” என்று முடித்தேன்.

அவள் கீரைக் காம்பைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் ஒண்ணும் அப்படி நினைக்கல. அந்தப் பழம் எனக்குன்னு கம்பவுண்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுவியளான்னு பாத்தேன். சொல்லாட்டா, செத்தாலும் எடுத்துத் திங்கக் கூடாதுன்னு இருந்தேன்.”